மேற்படி

கச்சான் காற்று ஜன்னல் தகரத்தைப் பிய்க்கிற ஆடி மாதம்.
மின்விசிறி என் பக்கம் திரும்பும்போதெல்லாம்
படிவத்தை முழங்கையால் அழுத்திக்கொள்கிறேன்.
எதிரே கந்தப்போடி நேசம்மா,
வாகரையில் ஆறேகால் பஸ் பிடித்து
வாழைச்சேனைக்கு வந்தவள்,
சாம்பல் நிறச் சுவெட்டர் போட்டிருக்கிறாள்.

கழுத்துவரை பொத்தான்.

கோவையின் முதல் தாள், நீல மை:
மகன் காணாமற் போனவர். அதிர்ச்சிக்குப் பிந்திய நெருக்கீடு.
அடுத்தது கறுப்பு மை: மனச்சோர்வும் உண்டு.
அதன் பிறகு
மேற்படி.
மேற்படி.
மேற்படி, குளிசை தொடர்க.
பதினொரு வருசம் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டே
தாளுக்குத் தாள் இறங்கி வந்திருக்கிறோம்.

"கடந்த ரெண்டு கிழமையில
ஒண்டிலயும் விருப்பமில்லாம இருந்திச்சா?"
"ஓம் மனே."
"எத்தனை நாள்?"
"எல்லா நாளும்."
களைப்பு? எல்லா நாளும்.
நித்திரை? அது வருது, கூடத்தான் வருது,
அடுப்பில பானை கிடக்கக்குள்ளயும் வருது.
இருபத்தேழுக்குப் பத்தொன்பது.
கூட்டி வட்டம் போட்டாயிற்று.
பேனா தானாகவே கீழ்க்கோட்டுக்குச் சாய்ந்து
'மே' என்று தொடங்கியும்விட்டது.

அப்போதுதான் விசிறி அவள் பக்கம் போனது.
இரண்டு கைகளையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டாள்.

"குளிருதா?"
"அது எப்பவும்தான்."
"எப்ப இருந்து?"
"ஆரும் கேக்கல்லியே மனே."

அந்தக் குரல், ஈர மணலில் தோணி இழுக்கிற குரல்,
அழுதழுது கட்டியது என்று நினைத்திருந்தேன்.
முகத்து வீக்கத்தை நித்திரை என்று நினைத்திருந்தேன்.
புருவங்களின் வெளி நுனி இரண்டும் இல்லை,
அதை நினைக்கக்கூட இல்லை.
வாகரை என்று முகவரி இருந்தால்
மிச்சத்தை நாங்களே எழுதிக்கொள்வோம்.

இரத்த முடிவு வரப் பத்து நாள்.
நாலரைக்குள் நிற்க வேண்டிய எண்
அறுபத்தெட்டு.
டொக்டர் சிராஸ் விசிலடித்தார்,
பிறகு வாயைப் பொத்திக்கொண்டார்.

நல்ல சேதி சொல்கிறவளின் குரலில்தான் சொன்னேன்:
கழுத்துக்குள்ள ஒரு சுரப்பி இருக்கு,
அதுதான் வேலை செய்யாமக் கிடந்திருக்கு,
சின்னக் குளிசை ஒண்டு, நாளுக்கு ஒருக்கா,
குளிரும் போகும், களைப்பும் போகும்.

அவள் சிரிக்கவில்லை.
"அப்ப, இது என்ர பொடியனால இல்லியா?"

சுவரில் பல்லி.
"அவன நினைச்சு நினைச்சுத்தான் இப்பிடிக் கிடக்கனெண்டு
ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கன்.
கழுத்து வருத்தமெண்டா
அவனுக்காக நான் என்னத்தக் கா செஞ்சன்?"

இதற்கு நாலைந்து பதில்கள் படித்திருக்கிறேன்.
எல்லாம் நல்ல பதில்கள்.
எழுந்து போய் விசிறியை நிறுத்தினேன்.

கனநேரம் கழித்து அவளே கேட்டாள்:
"தேத்தண்ணிக்கு முன்னயா, பொறகா?"
"முன்ன. வெறும் வயித்தில.
போட்டிட்டு அரை மணித்தியாலம் பொறுக்க வேணும்."
"அரை மணித்தியாலமா.
அவன் தேத்தண்ணிக்கு அஞ்சு நிமிசம் பொறுக்கமாட்டான்.
கேத்தில் மூடியத் தட்டித் தட்டிக்
காது செவிடாக்கிருவான்."

பதினொரு வருசத்தில்
படிவத்துக்குத் தேவைப்படாத முதல் தகவல்.
எங்கே எழுதுவதென்று தெரியவில்லை, எழுதவில்லை.
ஒரு மணி பஸ்ஸுக்குப் போனாள்,
சுவெட்டரோடுதான்.

மேற்படிகளை எண்ணிப் பார்த்தேன். பதினேழு.
கடைசி ஆறும் என் கையெழுத்து.
அலுமாரிக்குள் இன்னும் முன்னூற்றுச் சொச்சம் கோவைகள்,
நாளைக்குக் கிளினிக் இல்லை.
சாவி யாரிடம் என்று கேட்டேன்.